ஃபோர் வீல் விழவில்லையா? கீழக்கரைப் பக்கத்துப் பட்டறை ஒன்றைப் பற்றி

பழைய பிக்கப்பில் ஃபோர் வீல் விழவில்லை, அதாவது முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கவில்லை என்று போய் நின்றால், குனிந்துகூடப் பார்க்காமல் "பாக்ஸ் போச்சு, இறக்கணும்" என்று சொல்லாத பட்டறை ஒன்று எங்கள் பக்கத்தில் இருக்கிறது. கீழக்கரையைத் தாண்டி ஏர்வாடி போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையில், தகரக் கூரை, முன்னால் ஒரு வேப்பமரம், பெயர்ப்பலகை கிடையாது, மேப்பில் தேடினாலும் வராது. பலகையே இல்லாத கடைக்கு ரிவ்யூ எதற்கு என்று கேட்கலாம். மண்டபத்திலிருந்து வாலிநோக்கம் வரைக்கும் கரையில் இறங்கி ஏறுகிற பழைய நாலு சக்கர டிரைவ் வண்டிகளைப் பாருங்கள். ஐஸ் பெட்டி ஏற்றுகிறது, மீன் ஏற்றுகிறது, காய்ந்த கடல்பாசி மூட்டை ஏற்றுகிறது, வள்ளத்தை மணலில் இழுக்கிறது. அதில் எத்தனை வண்டிக்கு முன்சக்கரம் உண்மையிலேயே இழுக்கிறது என்பது ஓட்டுகிறவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால்தான் தெரியும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் வண்டி 2009 மாடல் டபுள் கேபின் பிக்கப், டீசல். கம்பெனி பெயர் தேவையில்லை, இத்தனை வருஷம் உப்புக்காற்றில் நின்றால் எந்தக் கம்பெனி வண்டியும் இப்படித்தான் ஆகும். லிவர் கிடையாது, டேஷ்போர்டில் திருகுகிற சுவிட்ச்: டூ ஹை (பின்சக்கரம் மட்டும்), ஃபோர் ஹை (நாலு சக்கரமும்), ஃபோர் லோ (நாலு சக்கரமும், வேகம் குறைந்து இழுவை கூடி). ஃபோர் ஹைக்குத் திருகினால் லைட் மினுக் மினுக்கென்று அடித்துவிட்டு அணைந்துவிடும். சில நாள் லைட் நன்றாக நின்று எரியும், நம்பி மணலில் இறங்கினால் பின்சக்கரம் மட்டும் குழி தோண்டும். ஃபோர் லோ என்பது சுவிட்ச்சில் எழுதியிருக்கிற ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.

இதற்கு முன்னால் மதுரையில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் காட்டினேன். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு ஷிஃப்ட் மோட்டார், கன்ட்ரோல் யூனிட் இரண்டையும் மாற்ற வேண்டும், மாற்றியும் சரியாகவில்லை என்றால் டிரான்ஸ்ஃபர் கேஸை (பாக்ஸ் என்பது இதுதான், இழுவையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்து அனுப்புகிற பெட்டி) இறக்கிப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு எஸ்டிமேட் கொடுத்தார்கள். அந்தக் காசுக்கு இன்ஜினோடு ஒரு பழைய வள்ளம் வாங்கிவிடலாம். சக்கரத்தைத் தூக்கிப் பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, கோடு எர்ரர் வந்திருக்கிறது சார் என்றார்கள். கோடு எர்ரர் வரும்தான். மோட்டாருக்குக் கரண்ட் சரியாகப் போகவில்லை என்றாலும் அதே மோட்டார் கோடுதான் வரும், மோட்டார் செத்தது என்று அதற்கு அர்த்தமில்லை. இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கத்தான் மெக்கானிக்குக்குக் காசு கொடுக்கிறோம்.

பட்டறைக்காரரை எல்லோரும் காக்கா (எங்கள் பக்கத்தில் அண்ணன் என்று அர்த்தம்) என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே. அறுபதைத் தொட்டிருப்பார். 2017-ல் அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு வருவதற்கு முன்னால், தனுஷ்கோடிக்கு மணலிலும் கடல் தண்ணீரிலும் ஆளை ஏற்றிக்கொண்டு ஓடிய வேன்களுக்கு வேலை பார்த்தவர். அதனால் இவருக்கு ஃபோர் வீல் என்பது எப்போதாவது வருகிற விருந்தாளி வேலை இல்லை.

முதலில் கேட்டது ஃபோர் வீலைப் பற்றியே இல்லை. "தம்பி, பிரேக் எப்படி இருக்கு? காலைல ஸ்டார்ட் பண்ணி மிதிக்கிறப்ப கட்டியா இருக்கா?" இல்லை, பிரேக் நல்லாத்தான் இருக்கிறது என்றேன். "அப்ப வேக்குவம் பம்ப்பு உயிரோட இருக்கு" என்றார். அவ்வளவுதான், ஒரு ஸ்பானர் எடுப்பதற்குள் ஒரு சந்தேகம் கழிந்தது. டீசல் வண்டியில் பிரேக் பூஸ்டருக்குக் காற்றை உறிஞ்சுகிற பம்ப் ஒன்று இருக்கும், பல வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே ஒட்டியிருக்கும். என் மாதிரி வண்டிகளில் முன்சக்கர ஹப்பை (சக்கரத்தின் நடுவில் அதை ஆக்ஸிலோடு கோர்க்கிற பாகம்) பூட்டுவதும் அதே வேக்குவம்தான். பம்ப் செத்திருந்தால் முதலில் பிரேக் பெடல் கட்டையாகும். பிற்பாடு கேஜை மாட்டியும் பார்த்தார், 26 அங்குலம் (பாதரச அளவில்) காட்டியது, 25-க்கு மேல் இருந்தால் கவலை இல்லையாம்.

இங்கே கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது தெரியாமல்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஃபோர் வீல் போடுவது என்றால் இரண்டு இடத்தில் இரண்டு வேலை நடக்க வேண்டும். நடுவில் டிரான்ஸ்ஃபர் கேஸில் ஒரு மோட்டார் சுற்றி முன்பக்கத்து புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைப் பின்பக்கத்தோடு கோர்க்க வேண்டும், இது மின்சார வேலை. முன்னால் இரண்டு சக்கரத்திலும் ஹப் பூட்டிக்கொண்டு சக்கரத்தை ஆக்ஸிலோடு கோர்க்க வேண்டும், இது வேக்குவம் வேலை. டேஷ்போர்டு லைட் முதல் வேலையைப் பற்றி மட்டும்தான் சொல்கிறது. ஹப் பூட்டியதா இல்லையா என்று என் வண்டி லைட்டுக்கு ஒன்றும் தெரியாது. லைட் எரிகிறதே, ஃபோர் வீல் விழுந்துவிட்டது என்று நினைத்து மணலில் விடுகிறோம்.

இதில் இன்னொன்று, இதை அவர் தரையில் சாக்பீஸால் வரைந்தே காட்டினார். முன் டிஃபரன்ஷியல் (இடது, வலது சக்கரத்துக்கு இழுவையைப் பிரிக்கிற பல் பெட்டி) சாதாரண டிஃபரன்ஷியல். இரண்டு ஹப்பில் ஒன்று மட்டும் பூட்டாமல் விட்டால் பாதி இழுவையாவது கிடைக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். கிடைக்காது. பூட்டாத பக்கத்து ஆக்ஸில் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும், டிஃபரன்ஷியல் அத்தனை சுற்றையும் எதிர்ப்பு இல்லாத அந்தப் பக்கத்துக்கே அனுப்பிவிடும், பூட்டிய சக்கரத்துக்கு ஒன்றும் வராது. ஒரு ஹப் போனால் இரண்டு முன்சக்கரமும் போன மாதிரிதான். எனக்கு இது புதுச் செய்தி, பல டிரைவர்களிடம் கேட்டேன், அவர்களுக்கும் புதுச் செய்திதான்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் கரண்ட் பக்கம். இன்ஜினை அணைத்துச் சாவியை மட்டும் போட்டு, அடியில் படுத்துக்கொண்டு, பையனை சுவிட்ச்சைத் திருகச் சொன்னார். மோட்டார் "ங்ர்" என்று ஒரு முனகல், அப்புறம் டிக் டிக். "மோட்டார் சாகல, பட்டினி கிடக்குது" என்றார். மல்டிமீட்டரை எடுத்து ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் இன்னொரு முனையை மோட்டார் எர்த்திலும் வைத்து மறுபடியும் திருகச் சொன்னார். எர்த் நன்றாக இருந்தால் மோட்டார் இழுக்கிற நேரத்திலும் 0.2 வோல்ட்டுக்குள்தான் காட்ட வேண்டுமாம். ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. பேட்டரி முழுசாக இருக்கிறது, மோட்டார் முழுசாக இருக்கிறது, நடுவில் எர்த் வயர் சேஸிஸில் முறுக்கியிருக்கிற இடத்தில் துரு. கழற்றினால் போல்ட்டுக்கு அடியில் செதில் செதிலாக வந்தது. மோட்டார் கனெக்டரைப் பிரித்தால் பின் எல்லாம் பச்சைப் பூத்துக் கிடக்கிறது. எங்கள் ஊர்க் காற்றில் செம்பு பச்சையாகாமல் இருந்தால்தான் அதிசயம்.

துருவைச் சுரண்டி வெறும் இரும்பு தெரிகிற வரைக்கும் தேய்த்து, புது லக் (வயர் முனை வளையம்) வைத்துப் புது வயர் போட்டு, மேலே கிரீஸ் அப்பினார். கனெக்டர் பின்னைக் கான்டாக்ட் கிளீனர் அடித்துச் சின்ன பிரஷ்ஷால் தேய்த்து, சிலிகான் கிரீஸ் வைத்து மூடினார். சிலர் துரு நீக்கும் ஸ்பிரேயை அடித்துவிட்டு முடிந்தது என்று அனுப்பிவிடுவார்கள், அது கொஞ்ச நாளில் ஆவியாகிப் போய்விடும், ஈரத்தைத் தடுக்க அங்கே கிரீஸ்தான் நிற்க வேண்டும். இதைச் செய்ததும் ஃபோர் ஹை லைட் மினுக்காமல் நின்று எரிந்தது. மதுரையில் மாற்றச் சொன்ன மோட்டாரும் கன்ட்ரோல் யூனிட்டும் இன்று வரைக்கும் வண்டியில்தான் இருக்கின்றன.

அதோடு விட்டிருந்தால் சாதாரண பட்டறை. "லைட்டு எரிஞ்சா போதுமா, சக்கரம் சுத்தணும்ல" என்று சொல்லி, பின்சக்கரத்துக்குக் கல் வைத்து, ஹேண்ட்பிரேக் இழுத்து, முன்பக்கம் இரண்டு சக்கரத்தையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினார். இந்தப் பரிசோதனைக்குக் கருவியே வேண்டாம், ஜாக் இருந்தால் போதும், வீட்டிலேயே செய்யலாம். ஆனால் ஸ்டாண்ட் இல்லாமல் வெறும் ஜாக்கை நம்பி அடியில் போகாதீர்கள், அதை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். டூ ஹையில் முன்சக்கரத்தைக் கையால் சுற்றினால் சக்கரம் மட்டும் தனியாகச் சுற்ற வேண்டும், ஆக்ஸில் சும்மா நிற்க வேண்டும். சுற்றியது, சரி. இன்ஜினைப் போட்டு ஃபோர் ஹைக்குத் திருகி, லைட் நின்றதும் இன்ஜினை அணைத்து, மறுபடியும் சுற்றினார். இரண்டு ஹப்பும் பூட்டியிருந்தால் வலது சக்கரத்தைச் சுற்றும்போது இடது சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். என் வண்டியில் இடது பக்கத்து ஆக்ஸில் எதிர்ப்பக்கம் சுற்றியது, சக்கரம் ஆடாமல் நின்றது. வலது ஹப் பூட்டியிருக்கிறது, பாக்ஸ் கோர்த்திருக்கிறது, இடது ஹப் பூட்டவில்லை. மூன்று கேள்விக்கு ஒரே சுற்றில் பதில்.

எனக்கு உடனே இடது ஹப் போச்சு, புதுசு வாங்கணும் என்றுதான் தோன்றியது, ஒரு ஜோடி ஐந்து இலக்கத்தில் விலை வரும். அவர் அவசரப்படவில்லை. கையால் அமுக்குகிற வேக்குவம் பம்ப் ஒன்று கேஜோடு வைத்திருக்கிறார். வலது ஹப் ஹோஸில் மாட்டி உறிஞ்சினார், முள் ஏறி நின்றது. இடது ஹோஸில் மாட்டினார், முள் ஏறவே இல்லை. ஹோஸைக் கழற்றிவிட்டு நேராக நக்கிளில் (முன்சக்கரத்தைத் தாங்கித் திருப்புகிற பாகம்) உள்ள துவாரத்தில் மாட்டி உறிஞ்சினார், முள் ஏறி நின்றது! அப்படியானால் ஹப் நல்லது, சீல் நல்லது, ஹோஸ்தான் ஓட்டை. ஸ்டியரிங் திரும்பும்போது மடங்குகிற இடத்தில், வெளியே பார்த்தால் தெரியாத மாதிரி, மெல்லிய வெடிப்பு. சில நாள் விழுந்து சில நாள் விழாமல் போனதற்கு எர்த் பாதி, இந்த வெடிப்பு பாதி.

புது ஹோஸ் ராமநாதபுரத்தில் ஸ்பேர் கடையில் நான்தான் போய் வாங்கி வந்தேன். வாங்கும்போது வேக்குவம் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். டீசல் டியூப், மீன் தொட்டி டியூப் எல்லாம் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், சுவர் மெலிசாக இருந்தால் உறிஞ்சும்போது உள்ளே ஒட்டிக்கொள்ளும், ஹப் பூட்டாது, அப்புறம் மறுபடியும் முதலிலிருந்து தேட வேண்டியதுதான். இரண்டு பக்கமும் மாற்றச் சொன்னார். வலது நல்லாத்தானே இருக்கிறது என்றதற்கு, "ரெண்டும் ஒரே வயசுதான தம்பி" என்றார். அதுவும் நியாயம்.

ஃபோர் லோ தான் மிச்சம். இது வேறு கதை. ஃபோர் லோ விழ வண்டி நிற்க வேண்டும், நியூட்ரலில் இருக்க வேண்டும், கிளட்ச்சை அடி வரைக்கும் மிதித்திருக்க வேண்டும். கிளட்ச் மிதித்திருக்கிறது என்று கன்ட்ரோல் யூனிட்டுக்குச் சொல்வது பெடலுக்கு மேலே இருக்கிற ஒரு சின்ன சுவிட்ச். அதில் மீட்டரை வைத்தால் மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி காட்டுகிறது. கனெக்டரைக் கழற்றி ஒரு வயர்த் துண்டால் குறுக்கே இணைத்தார், சுவிட்ச்சைத் திருகினேன், அடியில் "டக்". இத்தனை வருஷமாக அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. அப்படியே வயரை விட்டுவிடலாமே என்று யோசனை சொன்னேன், கோபம் வந்துவிட்டது. கிளட்ச் எப்போதும் மிதித்தே இருக்கிறது என்று யூனிட் நம்பினால், மிதிக்காத நேரத்திலும் லோவைக் கோர்க்கப் பார்க்கும், பல் தேயும். சுவிட்ச் ஒன்றும் பெரிய விலை இல்லை, புதுசு போட்டோம். உங்கள் வண்டியில் கிளட்ச் சுவிட்ச் சரியாக இருந்தும் லோ விழவில்லை என்றால் ஸ்பீடோமீட்டர் முள்ளைப் பாருங்கள். நின்றிருக்கும்போது முள் துள்ளினால் ஸ்பீடு சென்சார் பொய் சொல்கிறது, வண்டி ஓடுகிறது என்று நினைத்து யூனிட் லோவை மறுக்கும்.

டிரான்ஸ்ஃபர் கேஸ் எண்ணெயையும் கொஞ்சம் எடுத்துப் பார்த்தார். சிவப்பாக, தெளிவாக இருந்தது. சங்கிலி வைத்த கேஸ்கள் பலவற்றுக்கு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியருக்கு ஊற்றுகிற மெல்லிய எண்ணெய்) தான் ஊற்ற வேண்டும், தெரியாதவர்கள் கியர்பாக்ஸ் தானே என்று இபி 90 கியர் எண்ணெயை ஊற்றிவிடுகிறார்கள், கெட்டி எண்ணெயில் ஷிஃப்ட் இழுத்துக்கொண்டு நிற்கும். லிவர் வைத்த பழைய ஜீப்புகளின் பாக்ஸுக்கு அதே இபி 90 தான் சரி. எதற்கு எது என்று வண்டி மேனுவலைத்தான் பார்க்க வேண்டும், பக்கத்து வீட்டு டிரைவரைக் கேட்கக் கூடாது. எண்ணெய் வெளுத்துக் கலங்கியிருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, அதை உடனே மாற்ற வேண்டும். முன் ஆக்ஸில் பிரீதரை (உள்ளே காற்று போய்வருகிற மூச்சுக்குழாய்) கழற்றினால் உள்ளே குளவி மண் வைத்து அடைத்திருக்கிறது! ஓடிச் சூடான ஆக்ஸில் கடல் தண்ணீரில் இறங்கினதும் உள்ளே இருக்கிற காற்று சுருங்கும், பிரீதர் அடைத்திருந்தால் ஆயில் சீல் வழியாகத் தண்ணீரைத்தான் உறிஞ்சும். மண்ணைக் குத்தி எடுத்து, ஒரு முழம் ஹோஸ் சேர்த்து மேலே பானட் பக்கம் கொண்டுபோய்க் கட்டிவிட்டார். கேட்காமல் செய்த வேலை, இதற்குத் தனியாகக் காசும் வாங்கவில்லை.

அப்புறம் வாட்டர் சர்வீஸ். கரையிலிருந்து வந்ததும் உப்புப் போகக் கழுவு என்று எல்லோரும் சொல்கிறார்கள், நாமும் நல்ல பிள்ளையாக ரோட்டோரம் விட்டு அடியில் பீய்ச்சச் சொல்கிறோம். எந்தத் தண்ணீரில்? எங்கள் பக்கத்துப் போர்த் தண்ணீர் பல இடத்தில் வாயில் வைக்க முடியாத உப்பு. அதைப் பிரஷர் பம்ப்பில் வைத்துக் கனெக்டருக்குள்ளே ஏற்றுவதற்குக் காசு கொடுத்துவிட்டு வருகிறோம். அவர் சொன்னது, நல்ல தண்ணீர் கிடைத்தால் இரண்டு குடம் போதும், மெதுவாக ஊற்றினாலே உப்புக் கரையும், கிடைக்கவில்லை என்றால் உப்புத் தண்ணீரில் பீய்ச்சுவதை விடக் கழுவாமல் துடைத்துவிடுவது மேல். எங்கள் வீட்டில் காவிரித் தண்ணீர் வருகிற நாளில் வண்டிக்கும் இரண்டு குடம் ஒதுக்குவதாக முடிவு. வீட்டில் இதற்கு வரவேற்பு இல்லை.

மேனுவல் ஹப் விஷயத்தில் எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு. "வேக்குவத்த எல்லாம் கழட்டித் தூக்கிப் போட்டுட்டு மேனுவல் ஹப் போடு, ஆயுசுக்கும் கவலை இல்ல" என்றார். ஹோஸ் இல்லை, வால்வு இல்லை, கையால் திருகினால் பூட்டிக்கொள்ளும், உப்பு தின்பதற்கு அங்கே அவ்வளவு பொருள் இல்லை என்பது உண்மை. தினமும் மணலில் இறங்குகிற ஐஸ் வண்டிக்கு நானும் அதைத்தான் சொல்வேன், காலையில் பூட்டினால் சாயங்காலம் திறந்தால் போதும். ஆனால் என் ஓட்டம் தார் ரோடும் மணலும் மாறி மாறி வருகிற ஓட்டம். ஒவ்வொரு கரையிலும் இறங்கி, சேற்றில் குனிந்து, இரண்டு பக்கமும் திருகி, மூட்டை ஏற்றி வந்ததும் மறுபடியும் இறங்கித் திருகி... அதுவும் இறங்க மறந்து மணலில் புதைந்த பிறகு ஹப்பைத் தேடினால் அது மணலுக்குள்ளே இருக்கும். எனக்கு வேக்குவமே இருக்கட்டும். ஹோஸைத்தான் வருஷத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

குறைகளும் இருக்கின்றன. போன் எடுக்க மாட்டார், அடித்துக்கொண்டே இருக்கலாம். நாளைக்கு முடிந்துவிடும் என்றால் நாளைக்கு முடியாது. சிமெண்ட் லாரி ஒன்று வந்து நின்றால் நம் வண்டி அப்படியே ஸ்டாண்டில் நிற்கும், கேட்டால் "அவன் லோடோட நிக்கிறான் தம்பி" என்பார், அதற்கு நாம் என்ன சொல்வது. உட்கார இடம் கிடையாது, வேப்பமர நிழலும் மதியத்துக்கு மேல் ரோட்டுப் பக்கம் போய்விடும். பில் கிடையாது, ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தருகிறார், இன்சூரன்ஸுக்கோ கணக்குக்கோ அது உதவாது. பையன்கள் கிரீஸ் கையோடு சீட்டில் ஏறுகிறார்கள், என் சீட் கவரில் இன்னும் தடம் இருக்கிறது, பழைய பெட்ஷீட் ஒன்றைக் கொண்டுபோய் விரித்துவிடுங்கள். கம்ப்யூட்டர் ஸ்கேனர் அவரிடம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். என் வண்டிக்குத் தேவைப்படவில்லை, ஆனால் கன்ட்ரோல் யூனிட்டே செத்திருந்தால் அவர் கையில் தீர்வு இல்லை, அதை அவரே சொல்கிறார். ஆல் வீல் டிரைவ் எஸ்யூவி, ஆட்டோமேட்டிக் கியர் எல்லாம் கொண்டுபோகாதீர்கள், தொடவே மாட்டார்.

இன்னொன்று, வேலை முடிந்த பிறகும் ஃபோர் ஹையிலிருந்து டூ ஹைக்கு வர சில நேரம் லைட் அணையத் தாமதமாகிறது. இதைக் குறை என்று சொன்னேன், குறை இல்லை என்கிறார். மணலிலிருந்து தார் ரோட்டில் ஏறின பிறகு ஃபோர் வீலிலேயே வளைவு எடுத்தால் முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் வேறு வேறு தூரம் போகும். இந்த மாதிரி வண்டியில் நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாததால் அந்த வித்தியாசம் ஷாஃப்ட்டில் முறுக்காக நிற்கும், முறுக்கில் மாட்டிய பல் விடாது. சுவிட்ச்சோடு சண்டை போடாமல் நேராகப் பத்தடி ரிவர்ஸ் எடுத்தால் "டக்" என்று விட்டுவிடும். உண்மைதான், விடுகிறது. மணலுக்காக 18, 20 பிஎஸ்ஐ என்று காற்றை இறக்கினவர்கள் நாலு சக்கரத்திலும் ஒரே அளவாக இறக்குங்கள். முன்னால் புது டயர் பின்னால் வழுக்கை டயர் என்று ஓட்டினாலும் இதே முறுக்கு வரும், நேர் ரோட்டிலேயே வரும்.

லிவர் வைத்த பழைய ஜீப் ஒன்றும் அன்று அங்கே நின்றது. விசைப்படகுத் தடைக்காலம் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, 61 நாள் வண்டியைக் கொட்டகையில் நிறுத்திவிட்டார் அதன் சொந்தக்காரர். திரும்பி எடுத்தபோது லிவர் அசையவில்லை. பாக்ஸுக்குள்ளே ஒன்றுமில்லை, வெளியே லிவரையும் பாக்ஸையும் இணைக்கிற லிங்கேஜ் புஷ் துருவில் இறுகியிருக்கிறது. துரு ஆயில் ஊற்றி ஊற வைத்து, முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி எடுத்துக் கிரீஸ் அடித்தார். அந்த வேலைக்கு டீக்காசு மாதிரிதான் வாங்கினார். மாதம் ஒரு தடவையாவது மணலில் இறக்கி ஃபோர் வீல் போட்டு, கொஞ்ச தூரம் ஓட்டி எடுங்கள், மோட்டார் வைத்த வண்டிக்கும் அதேதான்.

எனக்கு ஆன செலவு: எர்த் வயர், ஹோஸ், கிளட்ச் சுவிட்ச், எண்ணெய், கூலி எல்லாம் சேர்த்து 4,000-க்குள். கூலியில் பேரம் பேசிப் பார்த்தேன், நடக்கவில்லை, பேசாமல் கொடுத்துவிட்டேன். இப்போது முனைக்காடு பக்கத்துக் கரையில் பாசி மூட்டை முழு லோடோடு ஏறி வருகிறது. ஐந்துக்கு நாலு தருவேன், அந்த ஒன்று போன் எடுக்காததற்கு.

போகிறவர்கள் காலையில் எட்டரைக்குள் போய்விடுங்கள், வண்டி சூடாக இருந்தால் அடியில் படுக்க மாட்டார். வெள்ளிக்கிழமை மதியம் ஜும்மாவுக்கு மூடிவிட்டு மூன்று மணிக்கு மேல்தான் திறப்பார், ரமலான் மாதத்தில் மதியத்தோடு சரி. ஏர்வாடி சந்தனக்கூடு சமயத்தில் அந்த ரோட்டில் வண்டியே நகராது, அந்த வாரம் வேண்டாம். என்னென்ன கோளாறு, எப்போது வருகிறது, சூட்டிலா குளிரிலா, மணலிலா தார் ரோட்டிலா என்று யோசித்து வைத்துக்கொண்டு போங்கள், இதையெல்லாம் கேட்பார், "தெரியல" என்று சொன்னால் ஓட்டிப் பார்த்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பிவிடுவார். ஜிபே இருக்கிறது, ஆனால் அங்கே சிக்னல் கிடைப்பது சந்தேகம், கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.